கோழிக்கும் நமக்கும் ஒரே கிருமியா?

கேள்வி: செத்த பிராய்லர் கோழியை அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர் ‘ஈ.கோலை’ என்றார். அம்மாவின் சிறுநீர்ப் பரிசோதனையிலும் அதே பெயர்தான் வந்திருக்கிறது. கோழியிடமிருந்து தொற்றியதா?

பெயரை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஈ.கோலை என்ற பாக்டீரியா பெரிய குடும்பம். கோழிக் குடலிலும் நம் குடலிலும் எப்போதும் இருக்கும், பெரும்பாலானவை சாது. குடலுக்கு வெளியே பிழைக்கத் தெரிந்த சில வகைகளால்தான் தொல்லை. கோழியில் அவை மூச்சுக்குழல் வழியாகக் காற்றுப்பைக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கும். டாக்டர் பார்த்தது, இதயத்தையும் ஈரலையும் போர்த்தியிருக்கும் திரிந்த பால் போன்ற மஞ்சள் படலமாக இருக்கும். மனிதரில் அவை பிடிக்கும் இடம் சிறுநீர்ப்பை. சில சமயம் ரத்தம், பச்சிளங்குழந்தை என்றால் மூளையுறை.

தாக்கும் இடம் வேறு, ஆயுதம் ஒன்று. கோழியோ மனிதரோ, உடல் இரும்புச்சத்தைப் புரதங்களுக்குள் பூட்டி வைக்கிறது. இந்தக் கிருமி ஏரோபாக்டின் என்ற பொருளைச் சுரந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும். ரத்தத்தில் கிருமியைத் துளைத்துக் கொல்லும் காம்ப்ளிமென்ட் புரதங்களிடமிருந்து தப்ப ‘ஐஎஸ்எஸ்’ என்ற மரபணு உதவுகிறது. ஏரோபாக்டினைத் தயாரிக்கும் மரபணுக்களும் ஐஎஸ்எஸ்ஸும் பல நேரங்களில் கோல்-வி என்ற பிளாஸ்மிட்டில் சேர்ந்தே இருக்கும். பிளாஸ்மிட் என்பது ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய டிஎன்ஏ வளையம். ஈ.கோலையின் ஓ1, ஓ2, ஓ18 வகைகளும் எஸ்டி95 என்ற கிளையும் கோழி நோயிலும் மனித நோயிலும் கிடைத்திருக்கின்றன.

ஆக, தொற்ற வாய்ப்பு உண்டு. ஆனால் அம்மாவுக்கு வந்தது கோழிக் கிருமிதான் என்று சொல்ல, இரண்டு மாதிரிகளின் மரபணு வரிசையையும் ஒப்பிட்டாக வேண்டும். சிறுநீர்த் தொற்றில் கிருமி பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தே வருகிறது.

கேள்வி: மருந்து கொடுத்தும் சாவு நிற்கவில்லை. கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனைக்கு எதை அனுப்புவது?

பலர் எச்சத்தை அனுப்புகிறார்கள். அது வீண். நல்ல கோழியின் எச்சத்திலும் ஈ.கோலை வளரும். இப்போதுதான் செத்த, இன்னும் மருந்து குடிக்காத கோழியின் இதயம், ஈரல் அல்லது எலும்பு மஜ்ஜையிலிருந்து சுத்தமான கத்தியால் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். குடலைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். முதலிலேயே கிழித்தால் எல்லாம் கலந்துவிடும்.

கொட்டகையில் குனிந்தால் கண் எரிகிறதா என்றும் பாருங்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு 25 பிபிஎம்-ஐ (காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு) தாண்டினால், மூச்சுக்குழலில் தூசியைத் தள்ளும் நுண்மயிர்கள் கெட்டுப்போகும். அந்த வழி திறந்து கிடக்கும்வரை எந்த மருந்து ஊற்றியும் நோய் திரும்பும்.

கேள்வி: கோழி டைபாய்டும் மனித டைபாய்டும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டும் சால்மோனெல்லா பாக்டீரியாதான். ஆனால் கோழியில் கேலினேரம் என்ற வகை, மனிதரில் டைஃபி என்ற வகை. இரண்டுமே பல மரபணுக்களைச் செயலிழக்கவிட்டு ஒரே உயிரினத்தோடு ஒட்டிக்கொண்டவை. கேலினேரத்துக்கு நீந்தும் கசையிழைகூடக் கிடையாது; மனிதரைத் தாக்குவது அபூர்வம். அஞ்ச வேண்டியது அதன் நெருங்கிய உறவான என்டரிடிடிஸை. அது கோழியை நோகடிக்காமலே சினைப்பையில் தங்கி முட்டைக்குள் போய்விடும். முட்டையின் மேலோட்டை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேக வேண்டும்.

(இன்னொரு சால்மோனெல்லாவால் குஞ்சுகளுக்கு வரும் புல்லோரம் நோயிலும் வெள்ளையாகக் கழியும். ராணிக்கெட்டையும் வெள்ளைக் கழிச்சல் என்கிறோம், அது வைரஸ். பெயர்க் குழப்பத்தில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.)

கேள்வி: கோழி தெம்பாகத்தான் இருந்தது. சாப்பிட்ட எங்களுக்கு ரத்தபேதி!

கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம், மலப் பரிசோதனையில்தான் தெரியும். அதற்குப் பிடித்த சூடு 42 டிகிரி செல்சியஸ். கோழியின் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் கோழிக் குடலில் நன்றாக வளரும், ஆனால் கோழிக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. நமக்குச் சில நூறு கிருமிகளே போதும், உணவில் பெருகவே வேண்டியதில்லை. பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் துளிகள் பக்கத்திலிருக்கும் சாலட்டில் விழும். கறி வெந்தும் பயன் இருக்காது. கழுவாமல், நடுப்பகுதி 74 டிகிரி எட்டும்வரை வேகவையுங்கள். பேதி நின்று சில வாரங்களில் கால் மரத்துத் தளர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருமியின் மேலுறைச் சர்க்கரை நம் நரம்பின் கொழுப்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் போலவே இருப்பதால், நோய் எதிர்ப்பு நரம்பையே தாக்கும் கில்லன்-பாரே நோய் சிலருக்கு வருகிறது.

கேள்வி: கோழிச் சளிக்கு அமாக்சிசிலின் ஏன் கேட்பதில்லை?

சளிக்குக் காரணம் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா என்றால் கேட்காது. பென்சிலின் வகை மருந்து உடைப்பது செல்சுவரை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. மனிதருக்கு நிமோனியா தரும் மைக்கோபிளாஸ்மாவும் அப்படித்தான். கோழிக்கு டைலோசின் போன்றவற்றை, எத்தனை நாள் கழித்துக் கறிக்கும் முட்டைக்கும் விடலாம் என்று கேட்டுக்கொண்டு, கால்நடை டாக்டர் சொல்லும் அளவில் கொடுங்கள்.