கல்லூரி மாணவராக நீடித்த தன்மையையும் சுற்றுச்சூழல் விழுமியங்களையும் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்? தனிமனிதர் செய்வதால் ஏதேனும் மாறுமா?

ஒருவருக்குச் சுற்றுச்சூழல் மீது அக்கறை உண்டா என்பதை, அவர் எதை வாங்குகிறார் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்கிறோம். வாங்கியதை அவர் எவ்வளவு காலம் பயன்படுத்துகிறார், அதன் சுமையை யார் தலையில் இறக்கி வைக்கிறார் என்ற இரண்டையும் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும் என்று நான் கருதுகிறேன். பொறியியல் படிக்கும் மாணவன் என்பதால் இதைக் கணக்கோடு சேர்த்தே யோசித்துப் பழகியிருக்கிறேன். தனிமனிதர் செய்வதால் ஏதேனும் மாறுமா என்ற இரண்டாவது கேள்விக்கும் இந்த வழியிலேயே எனக்கு விடை கிடைக்கிறது.

நீடித்த தன்மையின் வரையறை பலருக்கும் தெரிந்ததே. அப்போது நார்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்வதற்கான வாய்ப்பைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே வளங்குன்றா வளர்ச்சி என்று அது விளக்கியது. ஆனால் அந்த எண்ணம் அதைவிட மிகப் பழையது. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ், உருக்காலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மரம் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வந்ததைக் கண்டு, காட்டை அது மீண்டும் வளர்ந்து ஈடுகட்டும் அளவுக்கே வெட்ட வேண்டும் என்று 1713-லேயே எழுதினார். காட்டின் அழகில் மனம் பறிகொடுத்து அவர் அதை எழுதவில்லை. உலை அணைந்துவிடுமே என்ற கவலையில் எழுதினார். அந்தக் கவலை எனக்கு மிகவும் நேர்மையானதாகப் படுகிறது. இயற்கையை நேசிப்பவர்கள் மட்டும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றாக இருந்தால் இந்த விழுமியம் அதிக தூரம் போகாது.

பொருளியலாளர் ஹெர்மன் டேலி இதையே மூன்று விதிகளாக்கினார். புதுப்பிக்கத்தக்க வளத்தை அது மீண்டும் உருவாகும் வேகத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. புதுப்பிக்க இயலாத வளத்தை அதற்கான மாற்று உருவாகும் வேகத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. கழிவை இயற்கை உள்வாங்கிச் செரிக்கும் வேகத்துக்கு மேல் வெளியேற்றக் கூடாது. மூன்றுமே வேகத்தைப் பற்றிய விதிகள் என்பதைக் கவனியுங்கள். நிலத்தடி நீர், மீன்வளம், வளிமண்டலம் என எதை எடுத்துக்கொண்டாலும், பயன்படுத்தலாமா கூடாதா என்ற விவாதத்தைவிட எந்த வேகத்தில் பயன்படுத்துகிறோம் என்பதே முக்கியம். மூன்றாவது விதி மீறப்படுவதுதான் நம் காலத்தின் பெரிய சிக்கல். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 பங்காக இருந்தது. இன்று அது 420-ஐக் கடந்துவிட்டது. கடலும் காடும் நம் உமிழ்வில் ஏறத்தாழப் பாதியைத் தொடர்ந்து உள்வாங்கிக்கொண்டிருக்கும்போதே இந்த நிலை.

இனி துணிப்பைக்கு வருகிறேன். கல்லூரி விழா ஒவ்வொன்றிலும் ஒரு பருத்திப் பையைக் கையில் கொடுத்து, சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்ததாக மேடையில் அறிவிக்கிறார்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வு, கடைகளில் கிடைக்கும் சாதாரண பாலித்தீன் பையோடு பருத்திப் பையை ஒப்பிட்டது. பருவநிலை பாதிப்பை மட்டும் கணக்கில் கொண்டால் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்த வேண்டும். நீர், நிலம், ஓசோன் உள்ளிட்ட எல்லா அளவுகோல்களிலும் ஈடாக வேண்டுமானால் ஏறத்தாழ 7,100 முறை. பருத்தி விளைவிக்கத் தேவைப்படும் தண்ணீரும் உரமும் பூச்சிக்கொல்லியும் அந்தப் பையில் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கியிருக்கின்றன. இதை வைத்து நெகிழியே மேல் என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அது தவறான வாசிப்பு; தெருவிலும் ஆற்றிலும் கடலிலும் வீசப்படும் குப்பையால் விளையும் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. அந்த எண்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: ஒரே பையை நைந்து கிழியும் வரை பயன்படுத்துபவரின் கையில் துணிப்பை நல்ல பொருள், விழாவுக்கு ஒன்று என்று அலமாரியில் அடுக்கிவைப்பவரிடம் அதே பை வீண்செலவு. பொருள் ஒன்றுதான், பயன்படும் காலம்தான் வேறு.

இந்தக் கணக்கு மிகத் தெளிவாகத் தெரிவது நம் பைக்குள் இருக்கும் ஸ்மார்ட்போனில். ஒரு போன் தன் ஆயுள் முழுவதும் ஏற்படுத்தும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வரும் முன்பே, தாதுவை வெட்டியெடுப்பதிலும் சில்லுகளைத் தயாரிப்பதிலும் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாம் சார்ஜ் செய்யும் மின்சாரத்தின் பங்கு மிகச் சிறியது. ஆகவே, இரண்டு ஆண்டுகளில் மாற்றப்படும் போனை நான்கு ஆண்டுகள் வைத்திருந்தால் தயாரிப்பின் ஆண்டுச் சுமை சரிபாதியாகிவிடும். சார்ஜரை எப்போதும் பிளக்கிலிருந்து கழற்றி வைப்பதால் கிடைக்கும் நன்மையை இதன் அருகில்கூட வைக்க முடியாது.

பெரும்பாலான போன்களில் முதலில் களைத்துப்போவது பேட்டரிதான். எங்கள் விடுதியில் சிலர் சேர்ந்து மாலை நேரங்களில் பழைய போன்களுக்குப் பேட்டரி மாற்றிக் கொடுக்கிறோம். அந்த வேலையைச் செய்து பார்த்தால்தான் ஒரு பொருளின் ஆயுள் எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பது விளங்கும். பின்பக்கக் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். மிதமாகச் சூடேற்றி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை விளிம்போரமாக நுழைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் திருகாணிகள் ஒரே மாதிரி தோன்றினாலும் நீளத்தில் வேறுபடும். நீளமான ஒன்றைக் குட்டையானதன் துளையில் முடுக்கினால் அடியில் உள்ள சர்க்யூட் போர்டே பாழாகிவிடும் என்பதால், கழற்றிய வரிசையிலேயே அவற்றை ஒரு தாளில் வரைந்த படத்தின் மேல் அடுக்கி வைப்போம். பேட்டரியின் அடியில் இருக்கும் பசை நாடா முழுதாக உருவிக்கொண்டு வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. இடையில் அறுந்துவிட்டால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பசையை இளக்கியே பேட்டரியைக் கிளப்ப வேண்டும். அவசரப்பட்டுக் கூர்மையான கருவியால் நெம்பினால் லித்தியம் பேட்டரி துளைபட்டுத் தீப்பிடிக்கக்கூடும்.

நான்கு திருகாணியும் ஒரு மூடியும் போதுமான இடத்தில் பசையைத் தேர்ந்தெடுத்தது யாரோ ஒரு வடிவமைப்பாளர். மெலிவு, நீர் புகாமை என்று அவரிடம் நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு முடிவு, பழுதுபார்க்கும் இடம் அருகில் இல்லாத லட்சக்கணக்கானவர்களின் போன்களை முன்கூட்டியே குப்பையாக்குகிறது. 2022-ல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. மீதியில் கணிசமான பகுதி, ஏழை மக்கள் வெறுங்கையால் கம்பியை எரித்துச் செம்பு பிரிக்கும் இடங்களுக்குப் போய்ச் சேருகிறது. நம் வசதிக்கான விலையை அவர்களுடைய நுரையீரல் கொடுக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்குகிறது.

எந்திரங்களின் திறன், அதாவது குறைந்த ஆற்றலில் அதே வேலையைச் செய்வது, கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் துறையில் பலர் நம்புகிறார்கள். நீராவி எந்திரங்களின் திறன் கூடக்கூட நிலக்கரிச் செலவு குறையவில்லை, மாறாகப் பெருகியது என்பதை 1865-லேயே பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் சுட்டிக்காட்டினார். மலிவானதை நாம் கூடுதலாகப் பயன்படுத்துகிறோம். திறன் தேவைதான், ஆனால் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வைக்காமல் திறனை மட்டும் கூட்டினால் போதாது.

அப்படியானால் தனிமனிதர் என்ன செய்ய முடியும்? எனக்கு நம்பிக்கை தரும் சான்று ஓசோன் படலம். குளிர்சாதனங்களிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் எச்சரித்தபோது, அமெரிக்காவில் பலர் தாமாகவே அத்தகைய தெளிப்பான்களை வாங்குவதைக் கைவிட்டனர், விற்பனை சரிந்தது. 1978-ல் அங்கே பெரும்பாலான தெளிப்பான்களில் அந்த வேதிப்பொருள் தடை செய்யப்பட்டது. அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் ஓட்டை இருப்பது 1985-ல் வெளியானது, 1987-ல் அத்தகைய வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது, 2009-க்குள் ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் அதை ஏற்றன. அண்டார்க்டிகாவின் மேலே படலம் 1980-ன் நிலைக்கு 2066 வாக்கில் திரும்பும் என்று மதிப்பிடுகிறார்கள். தெளிப்பானை வாங்க மறுத்தவர்கள் மட்டும் ஓசோனைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் சட்டம் போட்டால் மக்கள் ஏற்பார்கள் என்பதை அவர்கள்தான் அரசுக்குக் காட்டினார்கள். தனிமனிதப் பழக்கத்தின் வேலை அதுவே என்று நினைக்கிறேன்.

இதனால்தான், தண்ணீரை வீணாக்காதே, மின்விசிறியை அணை என்று எல்லோருக்கும் ஒரே அளவில் உபதேசம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. உலக மக்களில் வருமானத்தின் உச்சியில் இருக்கும் பத்தில் ஒரு பங்கினர் கரிம உமிழ்வில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணமாக இருக்கிறார்கள். ஏற்கெனவே குறைவாகப் பயன்படுத்துபவரிடம் இன்னும் குறைத்துக்கொள்ளச் சொல்வது விழுமியம் ஆகாது. பொதுவளம் யாருடையதும் இல்லாததால் அழிந்தே தீரும் என்று 1968-ல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் வாதிட்டார். எலினோர் ஆஸ்ட்ரம், சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களையும் ஜப்பானின் கிராமக் காடுகளையும் ஆராய்ந்து, பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்து, தங்களுக்குள்ளேயே கண்காணித்து, மீறியவருக்குச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகத் தண்டனை விதித்தால் பொதுவளம் நூற்றாண்டுகள் தாண்டியும் நிலைக்கும் என்று நிறுவினார். அதற்கு 2009-ல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு விடுதியின் தண்ணீர் தொட்டிக்கும் இது அப்படியே பொருந்தும்; காப்பாளர் ஒட்டும் அறிவிப்பைவிட, மாணவர்கள் கூடி முடிவு செய்து மீட்டர் அளவைத் தாங்களே பலகையில் எழுதி வருவது பலன் தரும்.

கேட்டவரும் மாணவர் என்றால் நான் சொல்லக்கூடிய ஒரு வேலை உண்டு. உங்கள் கல்லூரி கணினி, புரொஜெக்டர், குளிர்சாதனம் வாங்கும்போது வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விலையும் உத்தரவாதக் காலமும் அதில் இருக்கும். உதிரிபாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், பேட்டரியைப் பயனரே மாற்ற முடியுமா என்ற கேள்விகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மாணவர் பேரவை வழியாக அவற்றைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதியை, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்த இருப்பதால், அப்படிப்பட்ட கருவிகளே இல்லை என்று விற்பனையாளர்கள் இனி எளிதில் சொல்லிவிட முடியாது.