மாறுதலுக்குப் பிறகும் நடக்கிற பள்ளி

வணக்கம் சார்,
பேருந்து வராத ஒரு ஊரின் தொடக்கப்பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போயிருக்கிறேன். என்னையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். பாடமும் எடுக்க வேண்டும், அறிக்கைகளும் அனுப்ப வேண்டும். கூட்டம் போட்டால் பெற்றோர் வருவதில்லை. நிறைய மாற்ற ஆசை. எங்கே தொடங்குவது?
- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,
பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்கு வருகிறவர்களில் பலர் வந்த அன்றே மாறுதலுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள். ஒவ்வொருவரும் ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்துச் சலித்த ஊர் அது. நீங்கள் எத்தனை நாள் இருப்பீர்கள் என்றுதான் யோசிப்பார்கள். கூட்டத்தை விடுங்கள், வீடுகளுக்குப் போங்கள். எந்த மாதம் எந்தப் பிள்ளை வயலுக்கோ ஆடு மேய்க்கவோ போக வேண்டியிருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதைத் தெரிந்துகொண்டால் பாடத்தையும் அதற்கேற்ப மாற்றலாம். கொலம்பியாவில் 1970களின் நடுவில் விக்கி கோல்பெர்ட், ஆஸ்கார் மொகோயோன் போன்றவர்கள் கிராமத்துச் சிறு பள்ளிகளுக்காகவே 'எஸ்க்வேலா நுவேவா' என்ற முறையை உருவாக்கினார்கள். மொகோயோன் கிராமப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அதில் பிள்ளைகள் வழிகாட்டிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு சிறு குழுக்களாகத் தாங்களே படிப்பார்கள், ஆசிரியர் குழு குழுவாகப் போய் உட்காருவார். அறுவடைக்குப் போய் சில வாரம் கழித்துத் திரும்பும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம், வருடம் வீணாகாது. பள்ளியின் அன்றாட வேலைகளையும் பிள்ளைகளின் குழுக்களே பார்த்துக்கொள்ளும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பை எடுக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் வழிகாட்டிகளைத் தயாரிக்க நேரம் பிடிக்கும், எனவே ஒரு பாடத்தில் மட்டும் தொடங்குங்கள். வாசிப்பைத்தான் நான் சொல்வேன். ஐந்தாம் வகுப்பை முடித்துப் போகும் ஒரு பிள்ளைகூடத் தடுமாறாமல் வாசிக்கத் தெரியாமல் போகக்கூடாது, முதல் வருடத்துக்கு அது போதும்.

அறிக்கைகளைப் பள்ளி விட்ட பிறகு எழுதுங்கள், காலை நேரத்தில் கைவைக்க விடாதீர்கள்.

சரி, அந்த இன்னொரு ஆசிரியரைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. அந்தப் பகுதிக்காரரா? உங்களுக்குப் பிறகும் அங்கே இருக்கப்போகிறவரா? அப்படியென்றால் ஒவ்வொரு முடிவையும் அவரோடு உட்கார்ந்து எடுங்கள், பதிவேடு முதல் மேலதிகாரியிடம் பேசுவது வரை எல்லாவற்றையும் இப்போதே அவருக்கும் பழக்குங்கள். அவரைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.