மரக்காலையில் குத்தி (தறித்த மரத்துண்டு) அரிதல்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, வளவில் நின்ற வேம்பைத் தறிச்சிருக்கிறம். அரியக் கொண்டுபோக முதல் என்ன பார்க்கவேணும்?

பதில்: இரும்பு. எங்கட வளவு மரங்களுக்குள் வேலிக்கம்பி, ஆணி, ஷெல் துண்டு ஏதாவது இருக்கலாம். பட்டை மூடி வளர்ந்திருக்கும். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை ஓடினால் இரும்பைச் சந்தேகியுங்கள். மெற்றல் டிடெக்ரர் பிடிக்காமல் ஏற்றவேண்டாம். பாண்ட் சோ (பட்டிபோல் சுழலும் வாள்) இரும்பில் பட்டு அறுந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

கேள்வி: குத்தியைக் காயவிட்டோ, பச்சையாகவோ அரியிறது?

பதில்: பச்சையாக. மரம் காயும்போது வளர்ச்சி வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழுக்குத்தி அதைத் தாங்காமல் வெளியிலிருந்து நடுவை நோக்கி வெடிக்கும். தறித்த அன்றே இரண்டு முனைக்கும் பெயின்ற் பூசுங்கள். அரியும்போது ஒரு பக்கத்தைச் சீவியதும் புரட்டி எதிர்ப்பக்கத்தைச் சீவவேணும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து அரிந்தால் உள்ளிருக்கும் இழுவிசை குத்தியை வளைத்துவிடும். பிறகு மற்ற இரண்டு பக்கமும். குத்தியின் நடுப்பகுதி விழுகிற பலகை வெடிக்கும். கதவு நிலைக்கு வேண்டாம்.

பலகைகளை நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். இடையில் ஓரங்குலச் சிலாகை (மெல்லிய மரத்தடி), ஒன்றரை அடிக்கு ஒன்று, மேலும் கீழும் நேர்கோட்டில். கோடு தவறினால் பலகை வளையும். சோளகக் காற்றும் வெயிலும் நேரே படக்கூடாது.

கேள்வி: எங்கட ஆக்கள் குத்தியைக் குளத்துக்குள்ள போட்டு வைச்சுத்தான் அரிஞ்சவை. வெடிக்கேல்லையே?

பதில்: தண்ணீருக்குள் கிடந்த குத்தி காயவில்லை. அதனால்தான் வெடிக்கவில்லை. அவர்கள் அரிந்ததும் பச்சை மரத்தைத்தான். தரையில் மாதக்கணக்கில் போட்டால் வெடிப்போடு பட்டைக்கு அடுத்த வெள்ளைப்பகுதியில் வண்டும் விழும்.

கேள்வி: தேக்குக்கும் அப்பிடியோ?

பதில்: எந்த மரத்தையும் பச்சையாகத்தான் அரியவேணும். காரணம் மேலே இருக்கிறது.

கேள்வி: வேலிப் பூவரசு. ஆணியெல்லாம் பிடுங்கியாச்சு, அரியலாமோ?

பதில்: நீங்கள் பிடுங்கியது கண்ணுக்குத் தெரிந்த ஆணி. டிடெக்ரர் பிடியுங்கள்.

கேள்வி: பலகை அலையலையாக வருது.

பதில்: வாள் மழுங்கியிருக்கும், இல்லாவிட்டால் வாளின் முறுக்கம் (இழுத்துப் பிடிக்கிற இறுக்கம்) போதாது. தீட்டி, முறுக்கி, தள்ளும் வேகத்தையும் குறையுங்கள்.

கேள்வி: குத்தியின் சுற்று 60 அங்குலம், நீளம் 8 அடி. எத்தனை கன அடி?

பதில்: கால்வாசிச் சுற்றுக் கணக்கில் பாருங்கள். சுற்றில் கால்வாசி 15. 15 × 15 × 8 ÷ 144 = 12.5.

கேள்வி: பனையும் இதே முறையோ?

பதில்: இல்லை. பனைக்கு வயிரம் (கடினமான மரம்) வெளியில், சோறு (மென்மையான பகுதி) உள்ளே. சதுரமாக்கினால் நல்ல மரம்தான் கழியும். நெடுகப் பிளந்து சோற்றைச் செதுக்கி நீக்குங்கள். பெண் பனை, பலா, ஈரப்பலா தறிக்க அனுமதி வேணும். அதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.