அவன் அடக்கிக்கொண்டிருக்கும் நேரம்

அன்புள்ள ஐயா,

உதவி இயக்குநராக இருக்கிறேன். உடம்பும் குரலும் தன்னை மீறி இயங்கும் நரம்புக் கோளாறான டூரெட் சிண்ட்ரோம் பற்றி ஒரு விழிப்புணர்வுக் குறும்படம் எடுக்கப்போகிறேன். கதைச் சுருக்கம்: பத்து வயதுப் பையன். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தன்னை மீறி ஒரு கெட்ட வார்த்தையைக் கத்திவிடுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், தண்டனை கிடைக்கிறது. ஒரு ஆசிரியை மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவனுக்குக் கதவோரம் இடம் மாற்றித் தருகிறார், அவனுக்குப் பாட்டு வரும் என்றும் கண்டுபிடிக்கிறார். ஆண்டு விழா மேடையில் பாடுகிறான். உடம்பில் ஒரு அசைவுகூட இல்லை. அரங்கமே எழுந்து கைதட்டுகிறது.

அந்தக் கெட்ட வார்த்தையை அப்படியே வைக்கலாமா, பீப் போடலாமா? டூரெட் உள்ள பையனையே நடிக்க வைக்க வேண்டுமா? பார்ப்பவர்கள் கண்கலங்க வேண்டும் என்பது என் ஆசை. கலங்குவார்களா?

ர.

அன்புள்ள ர.,

இந்தப் பிள்ளைகளைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது என்ற எண்ணம் எனக்குக் கொஞ்ச காலமாகவே இருக்கிறது. உங்கள் கதையிலும் அதேதான் விடுபட்டிருக்கிறது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பீப். அந்தக் காட்சியையே தூக்கிவிடுங்கள். டூரெட் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு, கூடப்போனால் இன்னும் சிலருக்குத்தான் கெட்ட வார்த்தை வரும். மற்றவர்களுக்குக் கண் சிமிட்டல், தோள் குலுக்கல், கழுத்தை வெட்டி இழுத்தல், மூக்கை உறிஞ்சுதல், தொண்டையைச் செருமுதல். மருத்துவர்கள் இவற்றை டிக் என்கிறார்கள். அசைவு டிக் ஒன்றுக்கு மேலும் ஒலி டிக் ஒன்றாவதும் இருக்க வேண்டும், 18 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஓராண்டுக்கு மேல் நீடிக்க வேண்டும். கண்டறிய மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான். கெட்ட வார்த்தை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இதற்கு சினிமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவரிடம் பணியாற்றிய ஜில் த லா டூரெட் 1885-ல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் எல்லோர் நினைவிலும் நின்றுபோனவர், 60 ஆண்டுகளுக்கு முன்பே, 1825-ல், இடார் என்ற மருத்துவர் எழுதிவைத்திருந்த ஒரு சீமாட்டி. பேச்சுக்கு நடுவே வசைச்சொற்களைக் கத்துபவர். ஆரம்பத்திலிருந்தே அவர்தான் இந்த நோய்க்கு முகமாகிவிட்டார். அதன் விளைவு என்ன தெரியுமா? பத்தில் மீதி ஒன்பது பிள்ளைகளின் பெற்றோர் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, 'நம்ம பையன் அப்படியெல்லாம் பேசுவதில்லையே, அப்போ இவன் பண்ணுவது சேட்டைதான்' என்று முடிவு கட்டுவார்கள். விழிப்புணர்வு என்று கிளம்பி, ஒரு குழந்தைக்கு அடி வாங்கிக்கொடுத்துவிடுவீர்கள்.

கெட்ட வார்த்தை வருபவர்களைப் படம் எடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் டேவிட்சனைப் பற்றி 1989-ல் பிபிசி ஆவணப்படம் வந்தது, 2025-ல் முழுநீளப் படமும் வந்தது. அவருக்கு அது உண்டு, அது அவர் வாழ்க்கை. நீங்களோ கற்பனையில் ஒரு பையனை உருவாக்குகிறீர்கள். அவன் வாயில் அதை வைக்க ஒரே காரணம், காட்சி சூடாக இருக்கும் என்பதுதான். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

யாரை நடிக்க வைப்பது என்பது பெரிய விவாதம், அதற்குள் இப்போது போகவில்லை. நடிக்க வைக்கிறீர்களோ இல்லையோ, திரைக்கதை எழுதும்போது டூரெட் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

சரி, விடுபட்டது என்ன? என் அக்கா மகனைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது பெரியவனாகிவிட்டான், "எழுதிக்கோங்க மாமா" என்று சொல்லியும்விட்டான். ஆறு வயதில் கண் சிமிட்டலில் தொடங்கியது. கண் மருத்துவரிடம் போனார்கள், கண்ணில் ஒன்றும் இல்லை. அது நின்று கழுத்துக்கு வந்தது, கழுத்திலிருந்து தொண்டைக்கு. ஒன்று போய் ஒன்று வருவதும், சில வாரம் அடங்கிப் பிறகு கூடுவதும் இதன் வழக்கமே என்று அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது.

பள்ளிவிட்டு வருவான். ஷூவைக்கூடக் கழற்றாமல், பை முதுகிலேயே தொங்க, உள் அறைக்குப் போய்விடுவான். கழுத்து இடது பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும். தொண்டையிலிருந்து குட்டையாக ஒரு சத்தம், விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். சட்டைக் காலர் முனை மென்று மென்று ஈரமாக, நூல் பிரிந்து கிடக்கும். ஒரு நாள் அக்கா அவனுடைய பள்ளி டைரியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அதில் ஆசிரியை எழுதியிருந்தார்: வகுப்பில் அமைதியாக இருக்கிறான், ஆனால் கவனமில்லை.

"அங்கே நாள் முழுக்கச் சும்மா இருக்கத் தெரியுது. வீட்டுக்கு வந்தா மட்டும் ஏண்டா?"

அவன் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் போன பிறகு என்னிடம் சொன்னான்: "அங்கேயும் வருது மாமா. நான் விடமாட்டேன்."

எப்படி என்று கேட்டேன். தொண்டையில் ஏதோ வந்து நிற்கும், செருமினால்தான் போகும், செருமாமல் பிடித்துக்கொண்டே இருப்பேன் என்றான். அப்போ பாடம்? "அது எங்க மாமா காதுல விழும்!"

ர., அந்த டைரியில் இருந்த இரண்டு விஷயமும் ஒன்றுதான். அவன் அமைதியாக இருந்ததால்தான் கவனமில்லை. டிக் வருவதற்கு முன் உடம்பில் அந்த இடத்தில் ஓர் உந்துதல் வரும். பலரால் அதைக் கொஞ்ச நேரம் தடுத்துவைக்க முடியும். கண்ணை இமைக்காமல் வைத்துக்கொண்டு இந்தப் பத்தியைப் படித்துப் பாருங்கள், என்ன புரிகிறது என்று தெரியும். அடக்கினால் பிறகு பல மடங்காகத் திரும்பும் என்று பலர் சொல்வதுண்டு. குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. ஆனால் அடக்கும் நேரத்தில் மனம் வேறு எதிலும் ஒட்டாது. அந்தப் பிள்ளை வகுப்பில் இழப்பது அதைத்தான். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவனால் கொஞ்ச நேரம் அடக்க முடிகிறது என்பதையே, வேண்டுமென்றுதான் செய்கிறான் என்பதற்குச் சாட்சியாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்குகிறானோ அவ்வளவுக்கு அவன் மேல் சந்தேகம் கூடுகிறது.

திரையில் இது வருவதே இல்லை. டிக் வருவதைக் காட்டுகிறார்கள், சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதைக் காட்டுகிறார்கள். வராமல் பிடித்துவைத்திருக்கும் நாற்பது நிமிடம் எங்கே? அதை எடுங்கள். ஆசிரியை பாடத்தைச் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கட்டும். அவனும் எழுதுகிறான். இடது கை பெஞ்சின் அடியைப் பற்றியிருக்கிறது. ஒரு வரி விட்டுப்போகிறது, பிறகு இன்னொரு வரி. பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்க்கிறான். அதற்குத் திட்டு விழுகிறது. ஒரு டிக்கூட இல்லாத காட்சி. கேமராவைக் கொஞ்சமும் ஆட்டாதீர்கள்.

உங்கள் மேடைக் காட்சிக்கு வருகிறேன். என்னைக் கோபப்படுத்தியது அதுதான். பாடும்போது டிக் அடங்குவது பொய் இல்லை. அமெரிக்க கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்கு டூரெட் உண்டு. 2014 உலகக்கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக அடுத்தடுத்துப் பல கோல்களைத் தடுத்தவர். பந்து கோல் பக்கம் வரும்போது உடம்பு தானாக அடங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சை மேஜை முன் நின்றதும் டிக் காணாமல்போகும் ஒரு மருத்துவரைப் பற்றி, நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் எழுதியிருக்கிறார். இவர்கள் அடக்கவில்லை. ஒன்றில் முழுக்க மூழ்கும்போது அது தானாகத் தணிகிறது. அடக்குவது வேறு, தணிவது வேறு. இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, மேலே கைதட்டலும் போட்டு மூடுகிறீர்கள். 'மனசு வெச்சா நிக்குது பார்' என்றுதான் பார்ப்பவர் சொல்வார். என் அக்காவும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பாள். அவன் மேடையிலிருந்து இறங்கியதும் கழுத்து திரும்ப இழுக்கட்டும். அதைக் காட்டாமல் படத்தை முடித்தால் அது ஏமாற்று வேலை.

2018-ல் வந்த இந்திப் படமான 'ஹிச்கி', பிராட் கோஹன் என்ற அமெரிக்க ஆசிரியரின் வாழ்க்கைக் கதையிலிருந்து வந்தது. அதன் நாடகத்தனம் எனக்குப் பிடிக்காது. ஆனால் அதில் அந்த ஆசிரியை டிக்கோடுதான் பாடம் நடத்துகிறார். அந்த நேர்மை உங்களிடமும் வேண்டும்.

பாட்டு குணமாக்காது என்றால் எதுதான் உதவும்? உந்துதல் வருவதை முன்கூட்டியே கவனித்து, அது கடக்கும்வரை வேறொரு சின்ன அசைவைச் செய்யப் பழக்கும் பயிற்சி இருக்கிறது. 126 குழந்தைகளிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேருக்குச் சற்று மேல் நல்ல முன்னேற்றம். தேவைப்பட்டால் மருந்துகளும் உண்டு. பத்து வயது என்று நீங்கள் வைத்தது சரிதான், பத்திலிருந்து பன்னிரண்டுக்குள்தான் பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும். பதின்பருவம் முடிவதற்குள் பலருக்குக் குறைந்துவிடும். எல்லோருக்கும் அல்ல. என் அக்கா மகனுக்குக் கழுத்து இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதோடு வேலைக்குப் போகிறான். அக்கா கேட்பதை நிறுத்தினாள். பார்ப்பதையும் நிறுத்தினாள், அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. யாராவது உற்றுப் பார்த்தால், அதைப் பற்றியே பேசினால், டிக் கூடும். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது கழுத்து இழுத்தால் அவள் பேச்சைத் தொடர்வாள், அவ்வளவுதான்.

பார்ப்பவர்கள் கண்கலங்குவார்களா என்று கேட்டீர்கள். கலங்கவைப்பது சுலபம் தம்பி. அழுதுவிட்டு வெளியே வந்தவர் மறுநாள் ஒரு பிள்ளையைப் பார்த்து 'நிறுத்துடா' என்று சொல்லாமல் இருப்பாரா என்று யோசியுங்கள்.

உங்களுக்குக் கை வரும் என்று தோன்றுகிறது. அந்த ஆசிரியை ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவனுக்குக் கதவோரம் இடம் மாற்றித் தருவதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது நல்ல வரி. அவன் வெளியே போய்ச் செருமிவிட்டு வரலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். படத்தை அங்கிருந்து திரும்ப எழுதுங்கள். எழுதி முடித்ததும் முதலில் டூரெட் உள்ள ஒருவரிடம் கொடுங்கள், அவர் திருத்தியதை எனக்கு அனுப்புங்கள். படிக்கிறேன்.