62,000 ஓடின நெக்ஸான் ஈவி, வாங்கலாமா? பேட்டரியை எப்படி பாக்குறது?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "2021 மார்ச் ரெஜிஸ்ட்ரேஷன் டாடா நெக்ஸான் ஈவி எலக்ட்ரிக் கார், 62,000 கிமீ ஓடிருக்கு, ஃபுல் சார்ஜ்ல 230 கிமீ ரேஞ்ச் காட்டுது, ஓனர் பேட்டரி சூப்பர்னு சொல்றார், டெய்லி எனக்கு 70 கிமீ ஓட்டம், நம்பி எடுக்கலாமா?"

முதல்ல அந்த 230-ஐ மறந்துடுங்க. டேஷ்போர்டுல வர்ற ரேஞ்ச், வண்டியை கடைசியா எப்படி ஓட்டினாங்களோ அதை வச்சு போடுற கணக்கு, நாலு நாள் ஏசி இல்லாம மெதுவா ஓட்டினா தானா ஏறிடும். பேட்டரியோட உடம்பு எப்படி இருக்குன்னு சொல்றது எஸ்ஓஹெச், அதாவது புதுசுல இருந்ததுல எத்தனை சதவீதம் இன்னும் மிச்சம் இருக்குங்கறது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல அவங்க மெஷினை மாட்டி ரிப்போர்ட் எடுத்துக் கேளுங்க, ஓனரும் கூட வரணும். செல்களுக்குள்ள வோல்டேஜ் வித்தியாசம் எவ்வளவுன்னும் சேர்த்துக் கேளுங்க, ஏன்னா மொத்த சதவீதம் நல்லா இருந்தும் ஒரே ஒரு செல் வீக்கா இருந்தா வண்டி அதோட அளவுக்குத்தான் ஓடும்.

ரிப்போர்ட் கிடைச்சாலும் நான் இன்னொண்ணு செய்யச் சொல்வேன். அந்த வருஷ மாடல்ல 30.2 யூனிட் பேட்டரி. சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கினதும் வண்டியை நிறுத்தி, 15 ஆம்பியர் பிளக்ல ஒரு எனர்ஜி மீட்டர் மாட்டி (வீட்டு மீட்டர் வேணாம், ஃப்ரிட்ஜும் அதுலதானே ஓடும்) ராத்திரி பூரா சார்ஜ் போட்டு 100 வரைக்கும் விடுங்க. புது பேட்டரின்னா உள்ள போகறது 24 யூனிட், வழியில வீணாகறது பத்து சதவீதம் சொச்சம், ஆக மீட்டர்ல 27 பக்கம் வரணும். 24தான் வந்துச்சுன்னா பேட்டரி 90 சதவீதம் பக்கம் இருக்குன்னு அர்த்தம், அஞ்சு வருஷ வண்டிக்கு அது நல்ல நிலைமைதான். 20, 21-னு வந்தா விலையைப் பேசறதுக்கு முன்னாடி நிறைய யோசிங்க. இது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி, ரொம்ப நாளா பாதி பாதியாவே சார்ஜ் பண்ணிருந்தா சதவீதமே தப்பா காட்டும், அதனால முதல்ல ஒரு தடவை 100 வரைக்கும் போட்டு எடுத்துட்டு அப்புறம் இந்த டெஸ்ட் பண்ணுங்க.

பேட்டரி வாரண்டி 8 வருஷம் இல்லேன்னா 1,60,000 கிமீ, எது முந்துதோ அது. கணக்கு முதல் ரெஜிஸ்ட்ரேஷன் தேதியில இருந்து, நீங்க வாங்கற நாள்ல இருந்து இல்ல, அதனால உங்களுக்கு 2029 மார்ச் வரைக்கும்தான். கிமீ பிரச்சனையே இல்ல, நாள்தான் குறைவு. இப்ப சில புது மாடல்களுக்கு லைஃப்டைம் வாரண்டின்னு விளம்பரம் பண்றாங்களே, அது முதல் ஓனருக்குத்தான், செகண்ட்ஸ்ல எடுக்கறவங்க அதை நம்பி விலை ஏத்திக் கொடுத்துடாதீங்க. உங்க பேருக்கு வாரண்டி மாறுமா, எத்தனை சதவீதத்துக்குக் கீழ போனா மாத்தித் தருவாங்கன்னு ரெண்டையும் எழுத்துல வாங்குங்க, வாய்ப்பேச்சு போதாது.

வாரண்டியை காலி பண்றது பெரும்பாலும் தண்ணியும் அடியும்தான். 2023 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில எத்தனை வண்டி மூழ்கிச்சுன்னு நமக்குத் தெரியும், அதனால இன்சூரன்ஸ் கிளெய்ம் ஹிஸ்டரி கேளுங்க, சீட்டுக்கு அடியில கார்பெட்டைத் தூக்கி மண் வாசனை வருதான்னு பாருங்க, வண்டியை லிஃப்ட்ல ஏத்தி பேட்டரி பெட்டியில நசுங்கல், கீறல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. நம்பர் பிளேட் பச்சையில மஞ்சள் எழுத்தா இருந்தா அது டாக்ஸியா ஓடின வண்டி, தினமும் ஃபாஸ்ட் சார்ஜ் வாங்கிருக்க வாய்ப்பு அதிகம்.

உங்க 70 கிமீக்கு இந்த பேட்டரி 85 சதவீதத்துக்கு இறங்கினாலும் தாராளம், அதுல பயமே வேணாம். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்ல இருக்கற சேஸிஸ் நம்பரும் ஆர்சியில இருக்கறதும் ஒண்ணான்னு மட்டும் ஒரு தடவை ஒத்துப் பாத்துக்கோங்க, வேற வண்டி ரிப்போர்ட்டைக் காட்டி வித்துடவும் வழி இருக்கு.