மூன்று நாளும் ஒரே பாதை

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறேன். காடு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் போன செப்டம்பரில் மனைவியையும் ஏழாவது படிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு கூடலூர் பக்கம் போனேன். ‘மூன்று இரவு, நான்கு பகல், வழிகாட்டியுடன் மழைக்காட்டு வனவிலங்குப் பயணம்’ என்று விளம்பரம். மூவருக்கும் சேர்த்து 38,000 ரூபாய். விளம்பரப் படத்தில் புலி, யானை, சிங்கவால் குரங்கு, இருவாச்சி எல்லாம் இருந்தன.

நாங்கள் பார்த்தது மழை, மரம், அட்டை. ஜீப்பில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு இடம் என்று சுற்றிக் காட்டினார்கள். ஒரு பெரிய விலங்குகூடக் கண்ணில் படவில்லை. கடைசி நாள் காலை நான் மேனேஜரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பையன் தங்குமிடத்தின் பின்னால் ஒரு மலை அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அவ்வளவுதான். வரும் வழியில் அவன் கேட்டான், “அப்பா, இது சும்மா மரம்தானே?” எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் ஏமாந்துவிட்டேனா? வரும் மே மாதம் கொடைக்கானல் பக்கம் நான்கு நாள் இதே மாதிரி ஒரு பயணம் சொல்கிறார்கள். போகலாமா? அங்கே என்ன விலங்கு தெரியும்?

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பையன் கேட்டது சரியான கேள்வி. மழைக்காட்டுக்குள் முதல்முறை போகிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பலர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

விளம்பரம் உங்களை ஏமாற்றியது உண்மை. காடு ஏமாற்றவில்லை. அந்தப் படத்தில் இருந்த விலங்குகள் ஒரே காட்டில் ஒன்றாகக் கண்ணில் படுகிறவை அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று பந்தலூர், தேவாலா, கூடலூர் பக்கம் மலையில் முட்டிக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மசினகுடிக்கு மிச்சம்மீதிதான். கூடலூரில் குடை பிடித்துக்கொண்டு கிளம்பினால் மசினகுடியில் முட்புதர்களுக்கு நடுவே வெயிலில் போய் இறங்கலாம். வெளிச்சம் தரையில் விழுகிற அந்தக் காட்டில் புல் முளைக்கும். புல்லை நம்பிப் புள்ளிமான் கூட்டமும் காட்டெருமைக் கூட்டமும் இருக்கும், மரங்கள் விலகி நிற்பதால் அவை நம் கண்ணுக்கும் தெரியும். பெரிய விலங்குதான் வேண்டும் என்றால் முதுமலைத் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏறி உட்காருங்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, எனக்கும் யானை பிடிக்கும்.

மழைக்காட்டில் தரை இருட்டு. தளிர், பூ, காய் எல்லாம் பத்து மாடி உயரத்தில் இருக்கின்றன. தின்கிறவையும் அங்கேதான் இருக்கும்: கருமந்தி, மலை அணில், பழம் தின்னும் பறவைகள். ஜீப்பின் கூரை அதையெல்லாம் மறைத்துவிடும். நீங்கள் 38,000 ரூபாய் கொடுத்து நான்கு நாள் ஒரு தகரக் கூரையைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே நம்மைத் தேடி வருகிற ஒரே பிராணி அட்டை. (அதற்காக மூக்குப்பொடி, உப்பு, புகையிலைத் தண்ணீர் என்று மூட்டை கட்ட வேண்டாம். நெருக்கமாக நெய்த நீளமான காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டால் போதும். கடித்தாலும் பயப்படாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துகிறது, அதனால்தான் கொஞ்ச நேரம் கசிகிறது.)

ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன் நானும் இப்படி ஒரு பயணம் போய்க் கடுப்பானவன்தான். சைலன்ட் வேலி. மாநிலக் கணக்கில் அது பாலக்காடு மாவட்டம், மலைக் கணக்கில் நீலகிரியின் தென்மேற்கு விளிம்பு. அதற்கு வடக்கே, இன்னும் உயரத்தில் நம் முக்கூர்த்தி தேசியப் பூங்கா. குந்திப்புழாவில் அணை கட்டும் திட்டம் கைவிடப்பட்டு 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு. முக்காலியிலிருந்து சைரந்திரி வரை ஜீப்பில் 23 கிலோமீட்டர். போனோம், காட்டைப் பார்க்கும் கோபுரத்தில் ஏறினோம், ஆற்றைப் பார்த்தோம், திரும்பினோம். வழியில் ஜீப்பில் ஏதோ கோளாறு. டிரைவர் அடியில் படுத்துவிட்டார்.

கூட வந்த வழிகாட்டி அட்டப்பாடி இருளர், வயதானவர். நான் பொறுமை இல்லாமல் சாலையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். “நடந்தா அதுகளுக்கு நாம தெரிவோம். இங்க உக்காருங்க சாரே” என்று ஒரு மரத்தைக் காட்டினார். வெடிப்பலா. மலையாளத்தில் வெடிப்ளாவு என்பார்கள். டுரியன் குடும்பம், காயெல்லாம் முள். உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. மழை நின்ற பிறகு இலையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். அப்புறம் ‘டொப்’ என்று ஒன்று விழுந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பெரியவர் அதில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். முள் தோல், உள்ளே பல் பட்ட ஈரம். மேலே கை காட்டினார். கருப்பு முகம், சுற்றிலும் நரைத்த பிடரி. சிங்கவால் குரங்கு. தமிழில் சோலைமந்தி என்றும் ஒரு பெயர் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். பன்னிரண்டு வரை எண்ணினேன். நான் வந்து உட்காரும்போதே அவை அங்கே இருந்தன என்றார் பெரியவர். என் நடமாட்டத்தால் அடங்கியிருந்து, நான் அடங்கியதும் தின்ன ஆரம்பித்திருக்கின்றன.

ஜீப் சரியாகிவிட்டது என்று டிரைவர் ஹாரன் அடித்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலையில் உங்கள் பையன் செய்ததும் இதைத்தான். அதை ஒரே வரியில் ‘அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டீர்கள். மலை அணில் சாமானியமாகத் தரைக்கு வராது. பயந்தால் கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தன் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கூடு கட்டி வைத்திருக்கும். அது என்ன தின்றது, எந்த மரம், கூட்டுக்கு இலை கொண்டுபோனதா, எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டீர்களா?

ஆகவே மே மாதப் பயணத்துக்கு என் பதில், வேண்டாம். முதல் காரணம் மே மாதம். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தாயிற்று, ஆனாலும் சீசனில் மலைப்பாதையில் நிற்கிற வண்டி வரிசை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது, நீங்கள் இணைத்திருந்த நிகழ்ச்சிநிரல். நான்கு நாளில் பதினொரு இடம், அதில் ஒன்று சாக்லேட் கடை. ‘காட்டுக்குள் கூடாரம்’, ‘நைட் சஃபாரி’ என்ற இரண்டு வரிகளையும் பார்த்தேன். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் இரவு தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு ஒழுங்கான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் ஆட்களை வழிகாட்டிகளாக வைத்து நடத்துகிறது. தீக்காலத்தில் அதையும் மூடிவிடுவார்கள். வனத்துறை மூடி வைத்திருக்கிற காட்டைத் தனியார் ஒருவர் உங்களுக்குத் திறந்து காட்டுகிறேன் என்றால், அவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நான் சொல்வது வேறு ஒரு பயணம். கோத்தகிரியில் மூன்று நாள் தங்குங்கள். ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. மொத்தமே 116 ஹெக்டேர், 2024-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. சோலை என்றால் மலை உச்சியில் மடிப்புக்குள் ஒதுங்கி வளரும் குட்டையான மழைக்காடு. சுற்றிலும் இருக்கிற கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) பின்னால் நட்டவை, பையன் அவற்றைக் காடு என்று எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, வழிகாட்டி ஒருவரைக் கேட்டு, மூன்று நாளும் அதே பாதையில் போங்கள். வழிகாட்டியும் அதே ஆளாக இருக்கட்டும். முதல் நாள் மரம். இரண்டாம் நாள் சத்தம். மூன்றாம் நாள் எந்தச் சத்தம் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று உங்கள் மகன் உங்களுக்குச் சொல்வான். கருமந்தியின் ‘ஊக் ஊக்’ என்ற அதட்டலை அதற்குள் அவன் பழகியிருப்பான். காட்டெருமை எதிர்ப்பட்டால் மட்டும் வழிகாட்டி சொல்கிறபடி கேளுங்கள், போட்டோவுக்காக ஒரு அடிகூட முன்னால் வைக்க வேண்டாம்.

கொடைக்கானலை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீலகிரியில் ஒரு சிரிப்பான் குருவி உண்டு. வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு, ஆள் கிண்டலாகச் சிரிப்பது போலக் குரல். கொடைக்கானல் இருக்கிற பழனிமலைத் தொடரிலும் ஒரு சிரிப்பான் உண்டு. அதே புருவம், அதே மாதிரிச் சிரிப்பு, ஆனால் நெஞ்சு சாம்பல் நிறத்தில் கீறல் கீறலாக இருக்கும். இரண்டும் வேறு வேறு இனம். நடுவில் பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த மலை உச்சியை விட்டு இறங்காத குருவிக்கு அந்தச் சூடான பள்ளம் கடல் மாதிரி. சோலைக்கிளி என்கிற சின்ன நீலக் குருவியின் கதையும் இதேதான், அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இந்தக் குருவிகளுக்குத் தனிப் பேரினப் பெயர்கள் கிடைத்ததே 2017-இல்தான். லாங்வுட் சோலையில் பார்த்ததைப் பையன் கையால் வரைந்து வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கம் போய் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். புலியைப் பார்த்த பையன்கள் அவன் வகுப்பில் வேறு யாராவது இருக்கலாம். இரண்டு சிரிப்பானையும் பார்த்தவன் இருக்க மாட்டான்.

எப்போது போவது? பொங்கல் விடுமுறை முடிந்து கூட்டம் இறங்கிய அடுத்த வாரம். அதிகாலைக் குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் மழை விட்டிருக்கும், அட்டையும் குறைவு. ஸ்வெட்டர், சுமாரான ஒரு பைனாகுலர், கோடு போடாத நோட்டு போதும். பையனுக்கு மூன்று நாள் பள்ளிக்கு லீவு போட வேண்டியிருக்கும். லீவு லெட்டரில் என்ன காரணம் எழுதுவது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.