ஏறி இறங்கும் ரைன்கரை

கே: அக்டோபர் முதல் வாரம் மகனைப் பார்க்க ஃபிராங்ஃபர்ட் போகிறோம். ரைன் ஆற்றையொட்டிப் போகும் ரைன்ஸ்டைக் நடைபாதையில் நான்கு நாள் நடக்க ஆசை. ஆற்றங்கரைதானே, தினம் 25 கி.மீ. போகலாமா? மொத்தம் 320 கி.மீ.யில் எந்தப் பகுதி நல்லது? எங்கள் வயது 54, 50.
*– வாசகி, சேலம்*

ப: ஆற்றங்கரை என்று நம்பி ஏமாறாதீர்கள். பான் (Bonn) நகரிலிருந்து வீஸ்பாடன் வரை ரைனின் வலது கரையில் போகிறது என்பது உண்மைதான். ஆனால் பாதை மேலே, மலை விளிம்பில். ஊர்கள் கீழே, தண்ணீரோரம். ஓர் ஊருக்குள் இறங்கினால் மறுபடி 200 மீட்டர் அளவு ஏற வேண்டும். நடுவே ஓடைப் பள்ளம் குறுக்கிட்டால் அங்கும் அதே கதை.

ஜெர்மனியில் நேரக் கணக்கு இப்படி: தூரத்துக்கு மணிக்கு 4 கி.மீ.; ஏற்றம் 300 மீட்டருக்கு ஒரு மணி, இறக்கம் 500 மீட்டருக்கு ஒரு மணி. தூரத்துக்கான நேரம், ஏறி இறங்கும் மொத்த நேரம் என்ற இரண்டில் பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். 20 கி.மீ., 800 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம் என்றால் தூரத்துக்கு 5 மணி, ஏறி இறங்க ஏறக்குறைய நாலேகால். ஆக, 7 மணி நேரத்துக்கு மேல். சாப்பாடும் புகைப்படமும் தனி! அக்டோபர் முதல் வாரத்தில் மாலை ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். உங்களுக்கு ஒரு நாளுக்கு 15 கி.மீ. போதும்.

லோர்ஷிலிருந்து பிரவுபாக் வரையுள்ள பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் லோர்ஷ்–கௌப்: ஆற்றின் நடுவே சுங்கம் வசூலிக்கக் கட்டிய கோட்டையை மேலிருந்து பார்க்கலாம். இரண்டாம் நாள் கௌப்–சாங்க்ட் கோர்ஸ்ஹவுசன் மட்டும் 20 கி.மீ.க்கு மேல், விடியற்காலையிலேயே கிளம்புங்கள். 132 மீட்டர் உயர லோரெலைப் பாறை அந்த நாளின் கடைசியில் வருகிறது. பிறகு கெஸ்டர்ட் வரை ஒரு நாள். அங்கிருந்து காம்ப்-போர்ன்ஹோஃபனுக்கு ரயிலில் போய், கடைசி நாள் பிரவுபாக்கிற்கு நடங்கள். அந்த ஊருக்கு மேலே இருக்கும் மார்க்ஸ்புர்க், இப்பகுதி மலைக்கோட்டைகளில் ஒருபோதும் இடிக்கப்படாதது.

இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் ரயில் நிற்கும். ஒரே ஊரில் அறை எடுத்து, பெரிய பையை அங்கேயே விட்டுவிட்டுத் தினமும் ரயிலில் போய் வாருங்கள். ஆனால் அதே தண்டவாளத்தில் இரவெல்லாம் சரக்கு ரயில் ஓடும். மலைப்பக்க அறையாகக் கேளுங்கள். மறுகரையில் அறை எடுத்தால் கடைசிப் படகு நேரத்தை முதலில் பாருங்கள்: கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் நடுவே பாலமே கிடையாது.

கே: வழி தவறுமா? உண்ணி பயம் உண்டா?
*– அதே வாசகி*

ப: நீலத்தில் வெள்ளை 'ஆர்' (R) எழுத்துக் குறி இருந்தால் அது முதன்மைப் பாதை. மஞ்சள் பின்னணி இருந்தால் அது ஊருக்கோ ரயில் நிலையத்துக்கோ இறங்கும் கிளை. பேச்சு சுவாரசியத்தில் மஞ்சளைப் பிடித்து இறங்கிவிட்டால், திரும்ப ஏறுவது உங்கள் முழங்கால்தான்.

மழை பெய்தால் பலகைக்கல் சோப்புபோல வழுக்கும். ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பகுதியுள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணியும் ஊன்றுகோலும் வேண்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு இரண்டும் பையில் இருக்கட்டும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். திங்கள், செவ்வாயில் பல உணவகங்களும் விடுமுறை.

உண்ணி அக்டோபரிலும் இருக்கும். மாலையில் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய், மண்ணெண்ணெய் வைத்தியம் வேண்டாம். நுனி கூரிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். கடித்த தேதியைக் குறித்துவையுங்கள். சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால், சேலம் திரும்பியிருந்தாலும் மருத்துவரிடம் அந்தத் தேதியோடு போங்கள்.